மனனமும் மொழிபெயர்ப்பும்: தமிழ்க் கிறித்தவரிடையே வேத வசன மனப்பாட மரபு

முன்னுரை

நூலொன்றை வாசித்துப் பொருளறிவது ஒரு நிலை. அதனை நெஞ்சில் இருத்தி, ஏடின்றிச் சொல்ல வல்லவராதல் மற்றொரு நிலை. தமிழ்க் கல்வி மரபு இவ்விரண்டையும் வேறுபடுத்தியே கண்டது. சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவிய தமிழரிடையே விவிலிய வசனங்களை மனனம் செய்தல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக ஓர் ஆன்மிகப் பயிற்சியாக நிலவி வருகின்றது. குடும்ப வழிபாட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் நோயாளியின் படுக்கையருகிலும் துக்க வீட்டிலும் புத்தகத்தைத் திறவாமலே வசனம் சொல்லப்படுவதனை நாம் இன்றும் காணலாம்.

இப்பயிற்சியைப் பக்தி நோக்கில் மட்டும் காண்பதே வழக்கமாக உள்ளது. ஆயின், தமிழ் உரைநடையின் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடமுண்டு என்பது நம் கருத்து. தமிழ் விவிலியம் பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டுப் பலமுறை மொழிபெயர்க்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்துள்ளது. தமிழ் உரைநடை இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் மாறிய பின்னரும், 1871ஆம் ஆண்டில் முழுமை பெற்ற மொழிபெயர்ப்பே பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் இன்றளவும் வழங்குகின்றது. அதனினும் தெளிவான தமிழில் அமைந்த பிற்கால மொழிபெயர்ப்புகள் அதன் இடத்தைப் பெறவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மனன மரபு முதன்மையானது என்பதனை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

கிறித்தவத்தில் மனன மரபின் தொன்மை

மறைநூலை மனனம் செய்யும் வழக்கத்தைக் கிறித்தவம் யூத மரபிலிருந்து பெற்றது. இறைச்சொல்லை நெஞ்சில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் கட்டளை உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் காணப்படுகின்றது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் துறவியர் குழுக்களை அமைத்த பக்கோமியுவின் ஒழுங்குவிதிகள், மடத்தில் புதிதாகச் சேர்வோர் சங்கீதங்கள் இருபதையோ நிருபங்கள் இரண்டையோ அவற்றுக்கீடான வேறொரு பகுதியையோ கற்க வேண்டும் என வகுத்தன. கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், ஆயராகத் திருநிலை பெறுவோர் சங்கீதப் புத்தகம் முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டும் என விதித்தது. நூல்கள் அரியனவாயும் விலைமிக்கனவாயும் இருந்த அக்காலத்தில் மனனமே நூலகமாக விளங்கியது எனலாம்.

அக்காலத்தவர் மனனம் செய்தது தனித்தனி வசனங்களை அன்று. முழுச் சங்கீதங்களையும் முழு நிருபங்களையுமே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இன்று நாம் அறிந்துள்ள வசன எண்கள் புதிய ஏற்பாட்டுக்கு 1551ஆம் ஆண்டிலேயே அமைந்தன. இராபர்ட் எத்தியேன் என்னும் அச்சாளர் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் அவை முதன்முதலாக இடம்பெற்றன. இவ்வெண்ணீடு தேடுதற்கு எளிமையைத் தந்தது. கூடவே, ஒரு வாக்கியத்தைத் தனியே எடுத்து, எண்ணோடு சேர்த்து நெஞ்சில் பதிக்கும் வழக்கத்துக்கும் வழிசெய்தது. எனவே, 'வசன மனனம்' அச்சுக் காலம் உருவாக்கிய வடிவமாகும்.

நம் ஆய்வுக்கு மிக நெருங்கிய சான்று மார்ட்டின் லூத்தரிடம் கிடைக்கின்றது. 1529இல் வெளியான தம் சிறிய வினாவிடை நூலின் முன்னுரையில், கற்பிப்போர் ஒரே வாசகத்தைத் தெரிந்தெடுத்து ஆண்டுதோறும் அதனையே மாற்றமின்றிக் கற்பிக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்துகின்றார். இவ்வாண்டு ஒருவிதமாகவும் மறு ஆண்டு வேறுவிதமாகவும் கற்பித்தால் இளையோரும் எளியோரும் குழம்புவர் என்பது அவர் கூறும் காரணம். முதலில் வாசகம், அதன்பின் பொருள் என்பதே அவர் வகுத்த முறை. லூத்தரே தம் காலத்தின் பெரும் விவிலிய மொழிபெயர்ப்பாளர் என்பதனை எண்ணும்போது இவ்வறிவுரையில் உள்ள முரண் புலனாகும். மொழிபெயர்ப்பாளன் சொற்களை மாற்றிக்கொண்டே இருப்பான். மனனம் செய்தவனோ மாற்றத்தை விரும்பான். இம்முரணே பின்னர்த் தமிழ் மண்ணிலும் வெளிப்பட்டது.

அச்சுக்கு முன் ஒலி

தமிழகத்தில் கிறித்தவ வாசகங்கள் அச்சேறுவதற்கு முன்பே மனனமாக வழங்கின. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், இருமொழி அறிந்தோர் சிலரின் துணையுடன் விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழில் ஆக்கினார். தாமே அவற்றை மனனம் செய்துகொண்டு, கையில் மணியடித்துச் சிறுவரையும் பெரியோரையும் திரட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்ததனை 1544ஆம் ஆண்டில் எழுதிய மடலில் அவர் விவரித்துள்ளார். தமிழ் எழுத்தில் அச்சான தொன்மையான நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்ட்ரிக் அடிகளார் ஆக்கிய பதினாறு பக்கங்கள் கொண்ட அந்நூல், மனனம் செய்து ஓதத்தக்க சமயப் பாடங்களையே கொண்டது. ஆகவே, தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்று வாயால் ஓதுவதற்குத் துணையாகவே தோன்றியது எனக் கொள்வதில் தவறில்லை.

எனினும், கத்தோலிக்கர் மனனம் செய்தவை பெரும்பாலும் செபங்களும் வினாவிடைகளுமே. விவிலிய வசனம் தனித்த மனனப் பொருளாக முதன்மை பெறுவது சீர்திருத்தச் சபையின் வருகைக்குப் பின்னரே ஆகும்.

தரங்கம்பாடியும் திண்ணைப் பள்ளியும்

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றி புளூட்சாவும் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழாசிரியர் ஒருவரைத் தம் மாணவருடன் தம் இருப்பிடத்தே பள்ளி நடத்தச்செய்து, அச்சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதிச் சீகன்பால்கு தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். திண்ணைப் பள்ளியின் கல்விமுறையை மாணவராக இருந்தே அவர் அறிந்துகொண்டார் என்பது இதனால் பெறப்படும்.

அத்திண்ணைப் பள்ளி மனனத்தையே அடித்தளமாகக் கொண்டது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களும் எண்சுவடியும் நிகண்டும் ஆசிரியர் சொல்ல மாணவர் திரும்பச் சொல்லும் முறையில் கற்பிக்கப்பட்டன. சட்டாம்பிள்ளை முறை சொல்ல, ஏனையோர் உரத்த குரலில் ஓதினர். வாசகம் முதலில் நாவில் பதியும். பொருள் பின்னர் வயதோடு விளங்கும் என்பதே அக்கல்வியின் கோட்பாடு. 'முதலில் வாசகம், பின்னர்ப் பொருள்' என்னும் லூத்தரின் முறையும் இதுவும் வெவ்வேறு நிலங்களில் தோன்றியவையாயினும் தம்முள் ஒத்தமைந்தன. தரங்கம்பாடிப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வினாவிடையையும் வேத வாக்கியங்களையும் மனனம் செய்தபோது, அவர்தம் பெற்றோர்க்கு அப்பயிற்சியின் உள்ளடக்கம் புதிதாக இருந்திருக்கலாம், பயிற்சிமுறை புதிதன்று.

இத்திண்ணைப் பள்ளி முறையின் ஆற்றல் ஐரோப்பாவையும் எட்டியது. சென்னை ஆண் அநாதையர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதனைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையோடு அதனை இணைத்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்ற அது இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகள் பலவற்றில் பரவியது.

ஆயினும், தரங்கம்பாடி மிஷனரிமார் மனனத்தை ஐயமின்றி ஏற்றவர் அல்லர். அவர்கள் ஆல்லே நகரின் பக்திநெறி இயக்கத்தில் பயின்றவர்கள். மூளையில் உள்ள வினாவிடை இதயத்துக்கு இறங்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் வற்புறுத்தல். வாய் சொல்வதனை உள்ளம் உணர்கின்றதா என்று அறிய, மனனம் செய்ததனையே பிரித்துப் பிரித்து வினவும் முறையை அவர்கள் கையாண்டனர். மனனம் வேண்டும், ஆனால் மனனம் மட்டும் போதாது என்னும் இந்நிலைப்பாடு தமிழ்க் கிறித்தவக் கல்வியில் தொடக்கத்திலேயே இருந்தது என்பதனை நாம் மறத்தலாகாது.

மனனத்தோடு மோதிய திருத்தங்கள்

சீகன்பால்கு 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711இல் நிறைவுற்றது. அது 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சானது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்டுச்சென்ற பகுதியைப் பெஞ்சமின் சூல்ட்சு 1728க்குள் முடித்தார். பின்னர் வந்த யோவான் பிலிப்பு பப்ரிசியஸ், தாம் மொழிபெயர்த்த பகுதிகளைத் தமிழர்க்கு வாசித்துக் காட்டி, அவர்தம் கருத்தறிந்து திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு அவர் மறைவுக்குப் பின் 1796இல் நிறைவெய்தியது. செவிக்கு வாசித்துச் செப்பம் செய்யப்பட்டமையால் அது ஓதுதற்கும் மனனத்துக்கும் ஏற்றதாய் அமைந்தது எனக் கருதலாம். பின்வந்தோர் அதனைப் பொன் மொழிபெயர்ப்பு எனப் போற்றினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாசகத்தை மாற்றும் முயற்சிகள் தோன்றின. 1814இல் தமிழகம் வந்து, 1820 முதல் திருநெல்வேலியில் பணியாற்றிய இரேனியஸ், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதனைத் தவிர்த்துத் தமிழ் மரபுக்கிசைந்த நடையில் புதிய ஏற்பாட்டை ஆக்கினார். அது 1833இல் முழுமையாக வெளிவந்தது. நடைநோக்கில் அது முன்னேற்றமே. ஆனால், தஞ்சைச் சபையார் அதனை அவ்வாறு கொள்ளவில்லை. சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவற்றில், பழைய வேதப் புத்தகத்தின் வாசகத்தை மாற்றத் துணிந்தமையும் ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது. அவ்வெதிர்ப்பில் சாதி இருக்கை முறை, இசை, விழா வழக்கங்கள் ஆகியன பற்றிய பூசல்களும் கலந்திருந்தன. ஆகையால், அதனை மொழிச் சிக்கலாக மட்டும் காண்பது பொருந்தாது. எனினும், மூன்று தலைமுறையினர் ஓதியும் பாடியும் தம்முடையதாக்கிக்கொண்ட வாசகத்தைப் புதிதாய் வந்தோர் மாற்றுவதா என்னும் வினா அதில் உண்மையாகவே ஒலித்தது. வேதப் புத்தகம் யாருடையது? மொழிபெயர்த்தவருடையதா, மனனம் செய்தவருடையதா? சாஸ்திரியாரின் எதிர்ப்பை இவ்வினாவாக நாம் வாசிக்கலாம்.

இதற்கு அடுத்த முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சிடப்பட்டது. தமிழ்ப் புலமையில் நாவலருக்கு நிகரான ஒருவர் அதற்கு முன்னர் அப்பணியில் ஈடுபட்டிருந்தார் எனக் கூறுதல் அரிது. எனினும், தமிழகச் சபைகள் அதனை ஏற்கவில்லை. பழகிய சொற்களிலிருந்து அது பெரிதும் விலகியதாக அவர்கள் கருதினர். இலக்கணத் தூய்மை மட்டுமே ஒரு சமய வாசகத்தை நிலைபெறச் செய்யாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வனுபவங்களுக்குப் பின்னரே என்றி பவர் தலைமையில் பல சபையாரும் இணைந்த குழு அமைந்தது. முத்தையா பிள்ளை இதில் பவருக்குத் துணைநின்றார். இக்குழு புதிதாகத் தொடங்காமல் பப்ரிசியஸின் வாசகத்தையே அடிப்படையாகக் கொண்டது. 1871இல் முழுமை பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு நிலைத்தமைக்கு இம்முடிவு பெருங்காரணம். முன்னரே செவிகளில் ஒலித்த வாக்கிய ஓட்டத்தைப் பெருமளவு காத்து, வேண்டிய இடங்களில் மட்டும் அது திருத்தியது. அவ்வாறு செய்தும் லூத்தரன் சபையார் நெடுங்காலம் பப்ரிசியஸின் பதிப்பையே விடாது போற்றினர்.

எழுதப் படிக்க அறியாதாரும் வசனமும்

மனன மரபின் சமுதாயப் பயனையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியில் கிறித்தவத்தைத் தழுவியோருள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள். உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, பகல் முழுவதும் உழைத்துத் திரும்பிய ஆடவரும் பெண்டிரும் அதனைத் திரும்பச் சொல்லிப் பதித்துக்கொண்டனர். மறைநூலை ஓதும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்த சமுதாயத்தில், கூலி உழைப்பாளியும் 'வேதம்' என்று பெயர் பெற்ற நூலின் வாசகத்தைத் தம் நாவால் ஓதியமை சிறிய நிகழ்ச்சி அன்று. நூல் வாங்கப் பொருளற்றோரும் வாசிக்கக் கல்லாதோரும் அந்நூலுக்கு உரியவராயினர்.

ஞாயிறு பள்ளி இவ்வழக்கத்தை முறைப்படுத்தியது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் இரெய்க்ஸ் தொடங்கிய இயக்கம் பிற நாடுகளுக்கும் பரவி, இந்தியாவில் 1876இல் ஞாயிறு பள்ளி ஒன்றியம் தோன்ற வழிவகுத்தது. வாரந்தோறும் ஒரு மனப்பாட வசனம், ஆண்டிறுதியில் ஒப்புவித்தல், பரிசு என்னும் அமைப்பு நிலைபெற்றது. பரிசுக்காக மனனம் செய்வதன் வெறுமையை அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1876இல் வெளியிட்ட 'டாம் சாயரின் சாகசங்கள்' புதினத்தில் எள்ளி நகையாடினார். வசனம் ஒப்புவித்தோர்க்குரிய சீட்டுகளைப் பண்டமாற்றாகத் திரட்டி டாம் பரிசு பெறுகின்றான். வினவியபோது விடை சொல்ல அறியாது விழிக்கின்றான். பக்திநெறியாளர் அஞ்சியதும் இத்தகைய மனனத்தையே ஆகும்.

இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்களும் நம் நாடுகளும்

இருபதாம் நூற்றாண்டில் லார்சன், மொனஹன் ஆகியோர் தலைமையில் திருத்தப் பதிப்புகள் உருவாயின. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து ஆக்கிய 'திருவிவிலியம்' வெளிவந்தது. இவற்றின் மொழி தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிற்பட்ட தமிழ். சொற்களின் மாற்றமே இதனைப் புலப்படுத்தும். விசுவாசம் நம்பிக்கையாயிற்று, இரட்சிப்பு மீட்பாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சங்கீதம் திருப்பாடலாயிற்று. இறைவனைக் குறிக்கும் சொல்லோ சீகன்பால்கு காலத்துச் 'சர்வேசுரன்' தொடங்கி, பப்ரிசியஸிடம் 'பராபரன்' ஆகி, 1871இல் 'தேவன்' என நின்று, பின்னர்க் 'கடவுள்' ஆனது.

கத்தோலிக்கத் திருச்சபை 'திருவிவிலியத்தை' வழிபாட்டில் ஏற்றது. சீர்திருத்தச் சபையாருள் பலர் அதனை ஒப்புநோக்கும் நூலாகக் கொண்டனரேயன்றி, மனனத்துக்கும் வழிபாட்டுக்கும் பழைய வாசகத்தையே பற்றினர். இவ்வேறுபாட்டுக்குச் சபை ஆட்சிமுறையும் ஒரு காரணமே. ஆயினும், முன்னவர் செபங்களையும் பின்னவர் வசனங்களையும் மனனம் செய்து வந்தனர் என்னும் வேறுபாடு இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இருபத்து மூன்றாம் சங்கீதத்தை ஐந்து வயதில் கற்ற ஒருவருக்கு அதன் சொற்களை மாற்றுவது மொழிச் சீர்திருத்தமாகத் தோன்றுவதில்லை. தம் தாயின் குரலை மாற்றுவதாகவே தோன்றும்.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்த கிறித்தவத் தமிழர் இவ்வாசகத்தையே உடன் கொணர்ந்தனர். மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளின் தமிழ் வழிபாடுகள் இம்மரபை இங்கு வேரூன்றச் செய்தன. இங்குப் பிறந்து வளரும் பிள்ளைகளுள் வீட்டில் ஆங்கிலம் பேசுவோரும் உளர். அவர்களுக்கு 1871ஆம் ஆண்டுத் தமிழ் இருமடங்கு தொலைவில் உள்ளது: ஒன்று, அது எழுத்துத் தமிழ், மற்றொன்று, அது ஒன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட எழுத்துத் தமிழ். பொருள் விளங்காச் சொல்லை நெட்டுருச் செய்யும் நிலை இதனால் நேரலாம். அதே வேளையில், மனனம் செய்த அவ்வசனங்கள் வழக்கிழந்த சொற்களையும் முழுமையான வாக்கிய அமைப்புகளையும் அவர்தம் செவிக்கு அறிமுகம் செய்கின்றன என்பதும் உண்மையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ்க் கிறித்தவரின் வசன மனனம் ஐரோப்பியரிடமிருந்து அப்படியே பெறப்பட்ட பழக்கம் அன்று. லூத்தரின் வினாவிடை மரபும் திண்ணைப் பள்ளியின் ஓதல் மரபும் இணைந்து உருவானது. இரண்டாவது, எழுத்தறிவு மறுக்கப்பட்டோரை ஒரு நூலுக்கு உரியவராக்கிய ஆற்றல் அதற்கு இருந்தது. மூன்றாவது, மொழிபெயர்ப்பின் வாழ்நாளை அதுவே பெரிதும் வரையறுத்தது. செவிவழிப் பழகிய வாசகத்தை மதித்துத் திருத்திய பவர் குழுவின் பணி நிலைத்தது. நாவலரின் புலமை தாங்கிய பதிப்பு நிலைக்கவில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நம் தொடக்கப் பள்ளிகளிலும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திருக்குறளும் மனனப் பாடங்களாக உள்ளன. பொருளறியா மனனத்தைக் கடிந்து மனனத்தையே விலக்குவோரும், மரபின் பெயரால் விளக்கமின்றி ஒப்புவிக்கச் செய்வோரும் நம்மிடையே உளர். தரங்கம்பாடிப் பள்ளிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காட்டின. அங்கு மாணவன் வாசகத்தை ஒப்புவித்ததுடன் பாடம் முடிந்துவிடவில்லை. அதன்பின் ஆசிரியர் வினவத் தொடங்கினார். ஒப்புவித்தலுக்குப் பின் வரும் அவ்வினாக்களுக்கு நம் வகுப்பறைகளில் நேரம் ஒதுக்கப்படுமாயின், பழைய வாசகம் மாணவர்க்குச் சுமையாகாது, மொழிச் செல்வமாகவே அமையும்.